அப்பாவின் முகத்துச் சாயம்

கேள்வி: "பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூர் எனக்கு. வயது 28, பெங்களூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அப்பா முப்பத்தைந்து வருடமாகத் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர். போன மாதம் பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். இரண்டு தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் குடும்பம். அவர்கள் வருவதற்கு முன்னால், சுவரில் இருந்த அப்பாவின் வேஷப் படத்தைக் கழற்றிப் பரணில் போடச் சொன்னேன். 'கேட்டால் விவசாயம் என்று மட்டும் சொல்லுங்கள்' என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. படத்தை அவரே கழற்றினார். கிரீடமும் புஜக்கட்டையும் இருந்த பெட்டியையும் சேர்த்துத் தூக்கி வைத்தார். முந்தின ராத்திரி பக்கத்து ஊரில் ஆடிவிட்டு வந்திருந்தார். கார் வந்து நிற்கிற நேரத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, 'தாடைக்குக் கீழ சாயம் ஏதும் ஒட்டியிருக்குதா, பாரு சாமி' என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. எங்கள் ஊரிலும் இப்போது யாருக்கும் கூத்து பிடிப்பதில்லை, களி பிடிப்பதில்லை, எங்கள் பேச்சே பிடிப்பதில்லை. நம் ஜனங்களுக்கு நம்முடையதே ஏன் ஆகாமல் போகிறது? எனக்கு ஏன் இப்படி ஆனது? என் பெயரைப் போடலாம். ஆபீசில் 'வேத்' என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மைப் பெயர் வேடியப்பன்."

அன்புள்ள தம்பி வேடியப்பன்,

முழுப் பெயரையும் எழுதியதற்கு நன்றி. அந்தப் பெயரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் தூக்கம். படத்தைக் கழற்றச் சொன்னபோது உங்களுக்குள் இருந்தது வெட்கம். சாயம் ஒட்டியிருக்கிறதா என்று அப்பா கேட்டபோது வந்தது குற்ற உணர்வு. வெட்கம் ஆளை ஒளிந்துகொள்ளச் சொல்லும். குற்ற உணர்வு, போய்ச் சரிசெய் என்று பிடித்துத் தள்ளும். ராத்திரியில் உங்களை எழுப்பி உட்கார வைப்பது இந்த இரண்டாவதுதான். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்து நான் கவலைப்படவில்லை. ஆனாலும் இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இப்படியே இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

இனி உங்கள் பெரிய கேள்வி. இருபது வருடமாகத் தர்மபுரியில் உட்கார்ந்து ஆலோசனை சொல்கிறேன். வெவ்வேறு வார்த்தைகளில் இதே கேள்வியோடு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். எனக்கே இது உண்டு. ஆறாம் வகுப்பில் என் டிபன் பாக்ஸில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் இருக்கும். ராத்திரி கிண்டிய களி, காலையில் உருண்டையின் மேல் லேசாகத் தோல் கட்டியிருக்கும். விரலால் பள்ளம் செய்து கடைசலைத் தொட்டு, மெல்லாமல் விழுங்க வேண்டும். ஒரு நாள் ஓர் ஆசிரியர் எட்டிப் பார்த்து, "களி தின்னா மூளையும் களியாத்தான் இருக்கும்" என்றார். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டிலும் அன்றைக்குக் களிதான். அன்று சாயங்காலம் அம்மாவிடம், இனிமேல் நெல்லுச் சோறு வைத்தால்தான் எடுத்துப் போவேன் என்று அழுதேன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் நெல்லுச் சோறு என்பது நாள் கிழமைக்குத்தான். அம்மா எங்கெங்கோ கைமாற்று வாங்கி அரிசி வாங்கினார். களியின் ருசி எனக்குப் பிடிக்காமல் போகவே இல்லை, தம்பி. அதைத் தின்கிறவளாகப் பார்க்கப்படுவதுதான் பிடிக்காமல் போனது.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நாம் வெறுப்பதாக நினைப்பது பொருளை. உண்மையில் தாங்க முடியாமல் போவது, அந்தப் பொருளோடு சேர்த்து நம்மேல் விழும் பார்வையை.

1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் தம்பதி ஒரு சோதனை செய்தார்கள். மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகள் முன்னால் நிறத்தைத் தவிர எல்லாம் ஒன்றுபோல இருக்கும் பொம்மைகளை வைத்தார்கள். எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். கடைசிக் கேள்வி, இதில் எது உன்னைப் போல இருக்கிறது என்பது. அதைக் கேட்டதும் சில குழந்தைகள் அழுதுகொண்டே எழுந்து ஓடிவிட்டார்கள். பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது தவறு என்று 1954-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த ஆய்வையும் குறிப்பிட்டது. அந்தக் குழந்தைகளுக்கு யாரும் உட்கார வைத்துப் பாடம் எடுக்கவில்லை. கடை, பள்ளி, பஸ், படம் என்று சுற்றியிருந்த எல்லாமே சொல்லிக் கொடுத்தன. கார் வந்து நிற்கும்போது உங்கள் கையில் இருந்ததும் அந்தப் பொம்மைதான்.

ஆனால் வெளியாள் பார்வையால் மட்டும் ஒரு சமூகமே மாறிவிடாது. அந்தப் பார்வையோடு சோறு சேர வேண்டும். வேல்ஸ் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1847-ல், வெல்ஷ் மொழி தெரியாத மூன்று ஆங்கிலேய ஆணையர்கள் அங்கே கல்வி எப்படி இருக்கிறது என்று ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஜனங்கள் ஒழுக்கம் கெட்டவர்கள், அவர்கள் முன்னேற்றத்துக்கு அவர்கள் மொழியே தடை என்று எழுதினார்கள். அந்தக் காலத்தில் அங்கே பல பள்ளிகளில் வெல்ஷ் பேசும் பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்து எவன் வெல்ஷ் பேசி மாட்டுகிறானோ அவன் கழுத்துக்கு அது போகும். பள்ளி விடும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. பிள்ளைகளே பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு. என்னை உறுத்துவது, பெற்றோர்களில் பலர் இதை வேண்டாம் என்று சொல்லாததுதான். ஆங்கிலம் வந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தார்கள். அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, எல்லாம் பிள்ளைப் பாசம்.

நம் ஊரில் கழுத்தில் மரத்துண்டு தொங்கவிடவில்லை. ஆனால் 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாளிலிருந்து, பின்தங்கிய மாவட்டம் என்ற பட்டம் நம்மோடு வந்துகொண்டே இருக்கிறது. 2004-ல் கிருஷ்ணகிரி தனியாகப் போனபோதும் போகவில்லை. மானாவாரி நிலம், மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கூலி. ஊரை விட்டுப் போனவன் நல்லா இருக்கிறான், இருந்தவன் தோற்றவன் என்று ஊரே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. "படிச்சும் இங்கேயேவா இருக்க?" என்று கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்களா? நம் சித்தப்பாவும் அத்தையும்தான். ஊரில் இருப்பதே தோல்வி என்றானபின், ஊரில் இருக்கிற எல்லாமே தோல்வியின் அடையாளமாகிவிடும். கூத்தும் களியும் பேச்சும் அப்படித்தான் போயின.

அப்புறம் நம் வாயைக் கவனியுங்கள். "என்னடா கூத்தடிக்கிற?" "வேஷம் போடாத." "கூத்தாடிப் பய." உங்கள் அப்பா ராத்திரி முழுக்க உயிரைக் கொடுத்துச் செய்கிற வேலையின் பெயர்கள் இவை. நாம் திட்டுவதற்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். ஜெயிலுக்குப் போகிறவனை, களி தின்னப் போகிறான் என்கிறோம். காட்டிலும் மேட்டிலும் வேலை செய்து நமக்குச் சோறு போட்டவனைக் காட்டான், பட்டிக்காட்டான் என்கிறோம். நகரம் நாகரிகமாகிவிட்டது, காடு வசையாகிவிட்டது. குழந்தை பேசக் கற்றுக்கொள்ளும்போதே இந்த ஏளனமும் சேர்ந்துதான் வாய்க்குள் போகிறது. இதற்கெல்லாம் ஆங்கிலக் கல்வியைக் கொண்டுவந்த மெக்காலேயை மட்டும் குற்றம் சொன்னால் அது பாதி உண்மை. வெள்ளைக்காரன் வந்து கூத்தாடி என்று திட்டச் சொல்லவில்லை. யார் உட்கார்ந்து பார்ப்பது, யார் ஆடிக் காட்டுவது, யார் கை நீட்டி வாங்குவது என்று மேல் கீழ் பிரித்து வைத்திருந்த நம் சாதிக் கணக்கு செய்தது அது.

ஆனால் அதே மொழியில் இன்னொரு பழமொழியும் கிடக்கிறது. கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான். ஆடி ஓய்ந்தவன் எப்போது விடியும் என்று பார்க்கிறான், வெயிலில் வேலை செய்கிறவன் எப்போது பொழுது சாயும் என்று பார்க்கிறான். இரண்டு பேரும் உழைப்பாளிகள் என்று எவ்வளவு கனிவாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் கண் கிழக்கே பார்ப்பதை நீங்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்ற நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயர். செங்கண்மாவை ஆண்ட நன்னனைத் தேடிப் போகும் கூத்தருக்கு, இந்த வழியாகப் போங்கள், இன்னின்ன மலை வரும், இந்த ஊரில் இந்தச் சாப்பாடு கிடைக்கும் என்று பக்குவமாகச் சொல்லும் பாட்டு. செங்கண்மா என்பது ஊத்தங்கரையைத் தாண்டினால் வரும் நம் செங்கம்.

இதையெல்லாம் சொல்வதால், பழையது எல்லாமே நல்லது என்று நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். பெண் குழந்தையைப் பிறந்த அன்றே கொன்றதும் நம் பக்கத்து வழக்கம்தான். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி நம் மாவட்டத்துக்கும் வந்தது அதனால்தான். அதை வெறுத்தவர்களால்தான் பல பெண் பிள்ளைகள் இன்று உயிரோடு இருக்கிறார்கள். பறையையும் யோசித்துப் பாருங்கள். சாவுக்கு வந்து அடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட ஒருவர், இனிமேல் தொட மாட்டேன் என்று பறையைத் தூக்கி எறிந்தால் அது தன் கலையை வெறுப்பதா? அது மானம். அவரிடம் போய்ப் பாரம்பரியம் அழிகிறதே என்று புலம்ப எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவர் பிள்ளை பிற்பாடு தானாக விரும்பிப் பறையைக் கையில் எடுத்து மேடையேறினால் அது வேறு கதை, அதுவும் நடக்கிறது. ஆகவே யாராவது தன்னுடையதை வெறுக்கிறார் என்றால் நான் ஒன்று கேட்பேன்: அந்த வழக்கம் உங்களை அடித்ததா, இல்லை அதோடு சேர்த்து உங்களை யாராவது பார்த்துச் சிரித்தார்களா? உங்கள் அப்பாவின் கூத்து உங்களை அடிக்கவில்லை. அது உங்களைப் படிக்க வைத்திருக்கிறது.

இன்னொன்று எனக்கு வருத்தம் தருவது. 2022-ல் மயிலாடும்பாறை அகழாய்வு முடிவு வந்தது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று அரசு அறிவித்தது. அன்றைக்கு எல்லோருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அதுதான், நானும் வைத்தேன். ஆனால் இன்றைக்கு அதே இரும்பைக் காய்ச்சி அரிவாள் அடிக்கும் பட்டறைக்காரர் வீட்டில் பெண் கொடுக்க யோசிக்கிறோம். அவர் பிள்ளையும் அப்பா தொழிலைச் சொல்லத் தயங்குகிறான். நாலாயிரம் வருடத்துக்கு முந்தினவன் பெருமை, எதிர் வீட்டில் இருப்பவன் அவமானம். செத்துப்போன பாரம்பரியத்தைக் கொண்டாடுவது சுலபம், அது நம்மிடம் ஒன்றும் கேட்காது. உயிரோடு இருக்கும் பாரம்பரியம் பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கச் சொல்லும், காரில் வருகிறவர்கள் முன்னால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.

களி இப்போது திரும்பி வந்திருக்கிறது, தெரியும் அல்லவா? 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அதே வருடம் நீலகிரியிலும் நம் தர்மபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் டாக்டர் சொன்னதற்காகவும் பெங்களூர் சூப்பர் மார்க்கெட்டில் விலை அதிகம் என்பதற்காகவும் மட்டும் நாம் களியை மறுபடி மதித்தோமானால், நம் கண் இன்னும் நம்மிடம் வரவில்லை. அன்றைக்கு இன்னொருவர் சிரித்ததால் விட்டோம், இன்றைக்கு இன்னொருவர் மெச்சுவதால் எடுக்கிறோம்.

கண் திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று நான் பார்த்தது அரூருக்கு அந்தப்பக்கம், சிட்லிங்கியில். அங்கே லம்பாடி ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பூத்தையல் ரொம்ப நுணுக்கமானது. இரண்டு தலைமுறைக்கு மேலாகக் கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது, வயதான ஓரிரு பெண்களுக்குத்தான் தெரியும். அந்த உடையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் பார்த்தவுடன் வேற்றாள் என்று தெரிந்துவிடும். யார்தான் தினம் அதைத் தாங்குவார்கள்? 2006 வாக்கில் இளம்பெண்கள் சிலர் அந்தப் பாட்டிகளிடம் உட்கார்ந்து தையல் தையலாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். இன்று பல பெண்களுக்கு அதில் வருமானம் வருகிறது. தங்கள் அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயர் போர்கை. அவர்கள் பேச்சில் பெருமை என்று பொருள். ஒரு பெண் தைத்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டி, "இங்கேயும் சுத்தமா இருக்கணும்க்கா, அதுதான் கணக்கு" என்றாள். வாங்குகிறவர் யாரும் பார்க்கப் போகாத பக்கம் அது.

சரி, உங்கள் பெயர். வேடியப்பன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு முறை சாயம், எண்ணெய், மஞ்சள் எல்லாம் தாண்டி உற்றுப் பாருங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுவதில் நிறைய நடுகற்கள். கையில் வில்லோ வாளோ பிடித்து நிற்கும் ஒரு மனிதன், சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கும், மேலே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் நாலைந்து வரி. ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களை மறித்துச் சண்டை போட்டுச் செத்தவன். இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய ஆள் இன்னான் பட்டான் என்று எழுதியிருக்கும். ராஜா கட்டிய கோயில் கல்வெட்டு வேறு, இது வேறு. இது ஊர் ஜனங்கள் தங்களில் ஒருவனுக்கு நட்டது. செங்கம் பக்கம் எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில் கோவிவன் என்ற ஒரு நாயின் பெயர்கூட இருக்கிறது. எசமான் விழுந்த பிறகும் திருடர் இரண்டு பேரைக் கடித்துக் காவல் நின்ற நாய். நாயின் பெயரைக்கூட மறக்கக் கூடாது என்று கல்லில் வெட்டிய ஜனங்களின் வழியில் வந்த பெயர் உங்களுடையது. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் இந்த மாதிரிக் கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. ஆபீசில் நாளைக்கே பெயரை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'வேத்' என்று கூப்பிடுகிறவர் யாராவது ஒருவரிடம் முழுப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அது போதும் இப்போதைக்கு.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். உட்கார வைத்து மன்னிப்புக் கேட்காதீர்கள். நம் பக்கத்து அப்பாக்களுக்கு அது தாங்காது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி" என்று எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார், உங்களுக்கும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கழற்றச் சொன்னது நீங்கள், அதனால் மாட்டுவதும் நீங்களாகவே இருக்கட்டும். பரணில் நீங்களே ஏறி, படத்தைத் துடைத்து, அதே ஆணியில் மாட்டுங்கள். பெட்டியையும் இறக்கி வையுங்கள். பரணில் இருந்தால் கட்டைகளில் செல் அரிக்கும்.

பெண்ணிடம் நீங்களே சொல்லுங்கள், கல்யாணத்துக்கு முன்னால். அப்பா கூத்துக் கலைஞர், அதை உங்கள் வீட்டாரிடம் மறைத்தேன், மறைத்தது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று இருக்கிறபடியே. இரண்டு தலைமுறையாகப் பெங்களூரில் இருப்பவர்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது ஒரு படம் இருக்கும், அது எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களைப் பற்றி நீங்கள் பயந்தது உங்கள் கற்பனையாகவே இருக்கலாம். அவர்கள் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லையே.

இதையெல்லாம் செய்யும்போது ஃபேஸ்புக்கில் படம் போட்டு, என் அப்பா என் பெருமை என்று எழுத வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம். அப்பாவை நீங்கள் முதலில் பாருங்கள், ஊர் அப்புறம் பார்க்கட்டும்.

அடுத்த பாரதக் கூத்து எந்த ஊரில் என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விடிந்து, துரியோதனன் சாகிற படுகளம் நடக்கும்போது வந்து நின்று கும்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். முந்தின நாள் சாயங்காலமே, வேஷம் கட்டும் கொட்டகைக்கு அவரோடு போய்விடுங்கள். அங்கே நாற்காலி இருக்காது, தரையில்தான் உட்கார வேண்டும். சாயம் பூசி முடிக்கவே நெடுநேரம் ஆகும். ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் குச்சி என்று அவர் தடுமாறுவார். வயது அறுபதை நெருங்கியிருக்குமே, கை கொஞ்சம் நடுங்கவும் செய்யலாம். கண்ணாடியை வாங்கி நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழே சரியாகப் பூசியிருக்கிறதா என்று கேட்பார், பார்த்துச் சொல்லுங்கள்.

பெண்ணும் வருவதாக இருந்தால் ஒரு ஜமக்காளமும் போர்வையும் எடுத்துப் போங்கள். விடியற்காலையில் அந்தப் பக்கம் குளிர் அதிகம்.